சத்திரக்காரனின் கணக்கு
இவான் இல்லிச்சின் உரையைப் பழனி மலைத்தொடரில் வாசித்தல்

நன்மை செய்யப் புறப்பட்டு நிற்கும் இளைஞரை நோக்கி "வர வேண்டாம்" என்று சொல்லத் துணிந்த சமயத் தொண்டர் அரியர். அவ்வரியவருள் ஒருவர் இவான் இல்லிச். 1926இல் வியன்னாவில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, மெக்சிகோவில் வாழ்ந்தவர் அவர். கோடை விடுமுறையில் மெக்சிகோவின் சிற்றூர்களுக்குத் தொண்டு செய்யச் செல்லவிருந்த வட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் 1968 ஏப்ரல் 20 அன்று அவர் ஓர் உரை ஆற்றினார். நல்லெண்ணங்கள் நரகத்துக்குப் போகட்டும் என்று பொருள்படும் தலைப்புடன் அது அச்சேறிற்று. தன்னார்வத் தொண்டர்களுக்கான பயிற்சிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது வாசிக்கப்பட்டு வருகிறது.

நமது வகுப்பிலும் அதனை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். மாணவர் அதனை மிகுந்த மகிழ்ச்சியோடு வாசிக்கின்றனர். அம்மகிழ்ச்சியே நம் உள்ளத்தில் ஐயத்தை எழுப்பியது. மனந்திரும்புதலுக்கு அழைக்கும் ஓர் உரையைக் கேட்போர் மகிழ்ந்தால், அது தம்மை நோக்கிச் சொல்லப்படவில்லை என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள் என்பதே பொருள். அறை விழுவது வெள்ளையர் கன்னத்தில்; ஓசை மட்டும் நம் செவிக்கு. இவ்வுரை நமக்கு உரியதா இல்லையா என்பதையே, நாம் வாழும் பழனி மலைத்தொடரின் பின்னணியில், இக்கட்டுரையில் நோக்க விரும்புகிறோம்.

1. இல்லிச் கூறுவது யாது?

முதலில் அவரது வாதத்தைத் திரிக்காமல் எடுத்துரைப்பது நம் கடமை. வட அமெரிக்கா உலகுக்கு ஏற்றுமதி செய்யும் பொருள்களில் பணத்துக்கும் படைக்கலத்துக்கும் அடுத்த நிலையில் இலட்சிய இளைஞரை அவர் வைக்கிறார். இவர்கள் தாம் அறிந்தோ அறியாமலோ தம் நாட்டு நடுத்தர வகுப்பின் வாழ்க்கை முறையை விற்க வந்த முகவர்கள் என்கிறார். ஏழைகளோடு உரையாட இவர்களிடம் பொது மொழி இல்லை. உரையாடக் கூடியவரெல்லாம் தம்மைப் போன்ற நடுத்தர வகுப்பினரே. தொண்டராக வந்திருக்கவே கூடாது என்று இவர்கள் காலங்கடந்து பெறும் அறிவுக்கு, இவர்கள் உண்டாக்கும் தீங்கு மிகப் பெரிய விலை. உதவியே செய்ய வேண்டுமாயின், "போய்விடு" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வலிமையுள்ள தம் நாட்டு ஏழைகளிடம் செல்லட்டும். மெக்சிகோவுக்கு விருந்தினராக வரலாம், மலைகளையும் மலர்களையும் கண்டு மகிழலாம், கற்கலாம். உதவி செய்பவராக மட்டும் வர வேண்டாம். இதுவே உரையின் சாரம்.

இதனை வெறும் சினம் என்று தள்ளிவிட இயலாது. கேட்டுக்கொண்டிருந்த மாணவர் தம் முயற்சியில் உள்ள போலித்தன்மையை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தனர். ஒப்புக்கொண்ட பின்பும் பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தனர். குற்ற உணர்வை அறிக்கையிடுவதே குற்றத்தைத் தொடர்வதற்கான அனுமதிச் சீட்டாக மாறுவதை அவர் கண்டார். ஆராதனை தோறும் பாவ அறிக்கை செய்யும் நாம் இதனைப் புரிந்துகொள்ள முடியாதவர் அல்லர்.

2. ஒரு சுவரும் ஒரு மொழிபெயர்ப்பும்

இல்லிச்சின் வாதத்தில் உள்ள உண்மைக்கு நாமே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன்பு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலுள்ள ஒரு மலைச் சிற்றூருக்கு, கடல் கடந்த நாடொன்றின் சிறு தொண்டு நிறுவனத்திலிருந்து பன்னிரண்டு இளைஞர் வந்தனர். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் கட்டுவது அவர்கள் பணி. காலம் மூன்று வாரம். காப்பித் தோட்டங்களும் மலைவாழையும் சூழ்ந்த அவ்வூருக்கு மொழிபெயர்ப்பாளராக நாம் சென்றிருந்தோம்.

அவ்விளைஞர் நல்லவர்கள். விடியலில் எழுந்தனர், கை கொப்பளிக்க உழைத்தனர், கொடுத்ததை உண்டனர். அவ்வூரிலேயே கொத்தனார் ஒருவர் இருந்தார். வேலை குறைந்த மாதம் அது. அவர் அவ்விளைஞருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தார். கொத்தனாராகிய அவர் தம் ஊரிலேயே சித்தாளாக நின்றார். அதனை நாம் கண்டோம். கண்டும் எவரிடமும் சொல்லவில்லை.

இறுதி நாளில் ஊர் கூடியது. மாலைகள் இடப்பட்டன. மூதாட்டி ஒருவர் எழுந்து, இளைஞரைப் பார்த்து இவ்வாறு பேசினார்: "இந்தப் பிள்ளைக வந்துபோற காசுக்கு ஊத்துலருந்து ஊருக்குக் குழா போட்டிருக்கலாம். பிள்ளைகளக் குத்தஞ் சொல்லல, பாவம், நல்ல பிள்ளைக. ஆனா யார்கிட்டக் கேட்டு இந்தச் செவரு?"

இளைஞர் அனைவரும் நம் முகத்தை நோக்கினர். நாம் ஆங்கிலத்தில் சொன்னது இது: பாட்டியம்மா உங்களுக்கு நன்றி கூறுகிறார்; கடவுள் உங்களை ஆசீர்வதிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார். அவர்கள் கைகூப்பித் தலைவணங்கினர். ஒரு பெண் கண்ணீர் சிந்தினாள்.

நாம் ஏன் அவ்வாறு செய்தோம்? விருந்தினர் மனம் நோகலாகாது என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அடுத்த ஆண்டும் அவர்கள் வர வேண்டும், அவர்களோடு வரும் உதவியும் வர வேண்டும் என்பது சொல்லிக்கொள்ளாத காரணம். மொழி இல்லாமையால் உரையாடல் இல்லை என்று இல்லிச் கூறினார். அன்று அக்கூட்டத்தில் மொழி இருந்தது. அதனை நாம் கையில் மூடி வைத்திருந்தோம்.

3. விருந்தினர் குற்றமற்றவரா?

உரையின் உண்மையை இவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னரே அதன் குறைகளைச் சுட்டும் உரிமை நமக்கு உண்டு. முதற்குறை, உதவி செய்பவரையும் விருந்தினரையும் அவர் பிரிக்கும் முறையில் உள்ளது. மலைகளையும் மலர்களையும் காண வருவது தீங்கற்றது என்று அவர் கொள்கிறார். கொடைக்கானலின் வரலாறு இதனை மறுக்கிறது.

அமெரிக்க மதுரை மிஷனார் 1834இல் மதுரையில் பணி தொடங்கினர். சமவெளியின் காய்ச்சலும் கொள்ளை நோயும் அவர்களை வருத்தின. 1845இல் அவர்கள் கொடைக்கானலில் முதலிரு வீடுகளை எழுப்பியது எவருக்கும் உதவி செய்வதற்காக அன்று, குளிர்காற்றுக்காகவும் ஓய்வுக்காகவும். இல்லிச் பின்னாளில் அனுமதித்ததையே அவர்கள் முன்னமே செய்தனர். ஆனால் அவர்கள் மலை ஏறியது எவ்வாறு? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை அமையும் வரையில், பெரியகுளத்துப் பக்கத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில், டோலி நாற்காலிகளில் மனிதர் தோள்மேல் ஏறிச் சென்றோர் பலர். மலரைக் காணச் சென்றவரைச் சுமந்த தோளுக்கு மலரைக் காண நேரம் இருந்ததாக எந்தக் குறிப்பும் நம் கண்ணில் பட்டதில்லை.

வந்தவர் மலையை இருந்தபடியே விடவுமில்லை. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் ஓடையைத் தேக்கி ஏரி அமைத்தார். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி தோன்றிற்று. யூகலிப்டசும் சீகை மரமும் வெளியிலிருந்து வந்தன. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் வனத்துறை சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகியவற்றைப் பெருமளவில் புல்வெளிகளில் நட்டது. வெறும் புல் கிடக்கும் நிலத்தில் பயன்தரும் மரம் நிற்பது நன்மை என்று அன்று எண்ணினர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழனி மலைத்தொடரின் மலைப்புல்வெளிகளில் மூன்றில் இரு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதைக் காட்டியது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. மழைநீரை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவது அப்புல்வெளியும் அதனை அடுத்த சோலையுமே. மூதாட்டி கேட்ட ஊற்று நீரின் கதை இத்துணைப் பழையது.

ஆகவே, தொண்டர் தீங்கு செய்வார், விருந்தினர் தீங்கு செய்யார் என்பது பொருந்தாது. மலையில் கால் வைக்கும் எவரும் ஏதோ ஒன்றை மாற்றுகின்றனர். மாற்றியதற்குப் பொறுப்பேற்று அங்கேயே நிற்கின்றனரா என்பதே கேள்வி.

4. காண்பது தொண்டாகும் போது

இரண்டாவது குறை, காலத்தைப் பற்றியது. இல்லிச் தம் முன் இருந்தோரின் சில வாரக் காலத்தைக் கண்டு பேசினார், அதில் தவறில்லை. ஆனால் அவரும் மெக்சிகோவில் அயலாரே. அங்கே அவர் நடத்திய மையம் வெளிநாட்டாருக்கு ஸ்பானிய மொழி கற்பித்தது. வருவோர் மொழி கற்று வரவேண்டும் என்பதற்காகவே ஒரு நிலையத்தை நடத்தியவர், எவரும் வரலாகாது என்று கருதியிருக்க முடியாது. அவரது வாழ்க்கை அவரது உரையைவிட நிதானமானது.

நம் மலையிலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். இங்கிலாந்திலிருந்து 1980களில் பயணிகளாக வந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் ஆகிய இருவர் வட்டக்கானலில் தங்கினர். அவர்கள் எந்த நிறுவனத்தின் திட்டத்தையும் கொண்டு வரவில்லை. சோலையைப் பார்த்தனர்; செடிகளின் பெயர்களைக் கற்றனர்; விதை சேகரித்து, உள்ளூர் மக்களோடு நாற்றுப் பண்ணை அமைத்தனர். 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை உருவாயிற்று. அயல்மரத் தோட்டங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக முளைப்பதை நீண்ட காலம் கவனித்து, அத்தோட்டங்களை ஒரேயடியாக வெட்டிவிடுவது சரியன்று என்று வாதிட்டனர். அவ்வாதத்தை அறிவியலார் எல்லாரும் ஒருபடித்தாக ஏற்றனர் என்பதற்கில்லை. புல்வெளியை மீட்க வேண்டுவோர் வேறுவிதமாகவும் பேசுவர். ஆயினும் அக்கருத்து மூன்று வாரத்தில் பிறந்ததன்று. இருவரும் இன்று மறைந்துவிட்டனர். இல்லிச் பிரித்து வைத்த காண்பதும் உதவுவதும் அவர்கள் வாழ்வில் ஒன்றாயின.

இன்னொரு சான்று ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். 1925இல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர். கதர் உடுத்தி, காந்தியின் வழியை நாடியவர். 1930இல் ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளாகி நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. மீண்டும் வந்து, 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் திரும்பி, காந்திகிராமத்தோடும் சிற்றூர்ப் பணியோடும் இணைந்து, 1984இல் மறையும் வரை நம் மக்களிடையே வாழ்ந்தார். "போய்விடு" என்று சொல்லக் கூடியவரிடம் செல்லுங்கள் என்பது இல்லிச்சின் அறிவுரை. கெய்த்தானைப் போகச் சொன்னவர் ஆள்வோர், ஏழைகள் அல்லர். ஒரு தொண்டரை வெளியேற்ற விரும்புவோர் யார் என்று கேட்பது அவரை அளக்க நல்ல அளவுகோல்.

இச்சான்றுகளைக் காட்டிக் குறுகிய காலத் தொண்டர் அனைவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்துக்குப் பின், சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் மண்வெட்டியோடு வந்து, இடிந்த ஊர்களை மீண்டும் எழுப்பும் பணியில் சேர்ந்தார். சிறு பன்னாட்டுத் தொண்டுக் குழுக்களுக்கு நம் நாட்டில் அவர் முன்னோடி. கொடைக்கானலிலேயே கோர்சாக் என்னும் அமைப்பின் கைவினைக் கடையில் தன்னார்வலர் அமர்ந்து, நலிந்தோர் செய்த பொருள்களை விற்று, விலையில் பெரும்பங்கை அவர்களிடமே சேர்த்தனர். அங்கே கைவினைஞர் கைவினைஞராகவே நின்றார்; வந்தவர் விற்பனையாளராக நின்றார். நம் கொத்தனாருக்குக் கிடைக்காத மதிப்பு அது.

5. இல்லிச் பேசாத மூன்றாம் ஆள்

மூன்றாவது குறையே நமக்கு முதன்மையானது. அவரது உரையில் இரு தரப்பினர் உள்ளனர்: வருவோர் ஒருபுறம், ஏழைகள் மறுபுறம். இடையே நிற்கும் உள்ளூர் நடுத்தர வகுப்பை ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறார். அவர்களோடு நின்று பேசவில்லை. அழைப்புக் கடிதம் எழுதுவோர் யார்? தேவை இன்னதென்று பட்டியல் இடுவோர் யார்? மொழிபெயர்ப்போர், புகைப்படத்துக்குக் குழந்தைகளை வரிசையில் நிறுத்துவோர், அறிக்கையில் கையொப்பமிடுவோர் யார்? போதகர்கள், ஆசிரியர்கள், செயலர்கள். சுருங்கச் சொன்னால், இவ்விதழை எழுதுவோரும் வாசிப்போரும்.

திருமறையில் நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆசாரியனையும் லேவியனையும் கண்டித்தோம், சமாரியனைப் போற்றினோம். சத்திரக்காரனைப் பற்றி நாம் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை. சமாரியன் வழிப்போக்கன், அவன் மறுநாள் புறப்பட்டுவிட்டான். காயமுற்றவனோடு தங்கியவன் சத்திரக்காரனே. பணம் அவன் கையில் தரப்பட்டது. மேற்செலவைத் திரும்பி வந்து தீர்ப்பதாக வாக்கும் தரப்பட்டது. காயமுற்றவன் கண் விழித்து எதைக் கேட்டான் என்பது அவனுக்கே தெரியும். பண்டைத் திருச்சபைத் தந்தையராகிய ஓரிஜெனும் அகுஸ்தீனும் அச்சத்திரத்தில் திருச்சபையைக் கண்டனர். அவ்வாறாயின், சமாரியன் திரும்பி வரும் நாளில் சத்திரக்காரன் காட்டும் கணக்கு நம் கணக்கு. காயமுற்றவன் தண்ணீர் கேட்டிருக்க, சத்திரத்துக்குச் சுவர் எழுப்பிய செலவை அதில் எழுதிக் காட்ட இயலுமா?

இடையில் நிற்போர் உண்மையாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் கொடைக்கானலிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1983இல் இங்கு நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. அதன் பாதரசக் கழிவு பழைய பொருள் கிடங்கொன்றில் கிடந்ததை 2001இல் ஊராரும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொணர்ந்தனர், ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்தோர் தம் உடல்நலக் கேட்டைச் சொன்னபோது, உள்ளூரிலும் வெளியூரிலும் இருந்த தன்னார்வலர் அச்சொல்லை மென்மையாக்காமல், உலகம் கேட்கும்படி எடுத்துச் சென்றனர். 2015இல் ஒரு பாடற்காட்சி அதனை உலகெங்கும் பரப்பிற்று. 2016இல் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டு பிடித்தது. இழந்த உயிரும் நலமும் திரும்பவில்லை. எனினும், ஏழையின் சொல் இடையில் சிதையாமல் சென்று சேர்ந்தால் அதற்கு ஆற்றல் உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது.

6. நம் மாணவரும் நாமும்

இல்லிச்சின் உரை நமக்கு உரியதா என்னும் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அது இருமுறை நமக்கு உரியது. வெளியிலிருந்து வருவோர்க்கு நாம் சத்திரக்காரர். பளியர் குடியிருப்புகளுக்கு வார இறுதியில் ஏறிச் செல்லும் போது நாமே அந்த வட அமெரிக்க மாணவர். சமவெளியிலிருந்து சென்று, அரிசிப் பையும் குறிப்பேடும் ஏந்தி, தேனெடுக்கும் மக்களுக்குச் சிக்கனத்தைப் போதித்துத் திரும்பி, மதிப்பெண்ணுக்காக அறிக்கை எழுதுகிறோம். நம்மிடையே தமிழ் பொதுவாக இருந்தும், அவர்கள் நம்மைப் பார்த்துப் "போய்விடு" என்று சொல்லும் நிலையில் உள்ளனரா? இல்லையெனில், இல்லிச் அன்று சொன்னது நம் மாணவர் முகத்துக்கும் நேரே சொன்னதே.

இதனால் எவரும் எங்கும் செல்லலாகாது என்று முடிவு கட்டுவது சோம்பலுக்குச் சமயச் சாயம் பூசுவதாகும். சிக்காரின் கிணற்றருகே ஆண்டவர் முதலில் கேட்டது தமக்குத் தண்ணீர். பர்திமேயுவிடம் முதலில் கேட்டது அவனது விருப்பம். தேவையுள்ளவராக வருவதும், கேட்டறிந்த பின்னரே செய்வதும் நம் ஆண்டவர் காட்டிய முறை. ஆதலின் நமது கல்லூரி அழைக்கும் எந்தக் குழுவும், ஊர்க் கூட்டம் தானே எழுதிக் கேட்ட பணிக்கு மட்டுமே வரட்டும். ஊரில் தொழிலறிந்தவர் இருப்பின் அவரே தலைமை ஏற்கட்டும். வருவோர் சித்தாளாக நிற்கட்டும். மொழிபெயர்ப்பவர் கூறியதைக் கூறியபடியே பெயர்க்கட்டும். அது கசப்பாயினும் பெயர்க்கட்டும். நம் மாணவர் மலைக்குச் செல்லும் போதும் இதே சட்டம்.

இவற்றை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்று தயங்கியே, சில ஆண்டுகள் கழித்து அச்சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். சுவர் நின்றது. குழாய் இன்னும் வரவில்லை. மூதாட்டி திண்ணையில் அவரை உரித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சொன்னதை நாம் சொல்லவில்லை என்றும், வேறொன்றைச் சொன்னோம் என்றும் அறிக்கையிட்டோம். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "அது அன்னிக்கே தெரியும் ஐயா," என்றார். "நாஞ் சொன்னதுக்கு அந்தப் பிள்ளைக ஏன் கும்பிடணும்?"

சற்றுப் பொறுத்து அவரே மீண்டும் கேட்டார்: "இப்பயாவது அவுகளுக்கு எழுதிப் போடுவீகளா?"

திரும்பி வந்ததும் எழுதினோம், அவர் சொன்னதைச் சொன்னபடியே.